பதினான்காம் தாளில் வெள்ளைத் துகள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு கார்த்திக் வந்திருந்தார். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர், மலரின் ஆசிரியர், நல்ல பிள்ளை. "அங்கிள், உங்க கெரியர்ல நடந்த முக்கியமான விஷயம் ஏதாவது எழுதிக் குடுங்க. ஏஐ வந்து எப்ப யாருக்கு வேலை போகும்னு தெரியல. எங்க வயசுக்காரங்களுக்குக் கொஞ்சம் மோட்டிவேஷனா இருக்கும்" என்றார். நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது தாளைத் தானே புரட்டிப் படம் எடுக்கும் இயந்திரம் வந்துவிட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த இயந்திரத்துக்கு நெற்றி கிடையாது. அந்த வேலைக்கு அது பெரிய தகுதி.

"நடந்ததை எழுதறேன் தம்பி. மோட்டிவேஷன் வருதான்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றேன்.

நான் பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் படம் எடுக்கிற வேலை பார்த்தவன். நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தாறு வருஷம். பொங்கல் விழாவில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "நீங்க எந்த கிளையன்ட் சார்?" என்று கேட்பார்கள். "எல்லாரும் செத்துப் பல நூறு வருஷம் ஆச்சு" என்பேன். அதற்குப் பிறகு அவர்கள் வடையில் கவனம் செலுத்துவார்கள்.

வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சென்னையில் பி.எஸ்சி. வேதியியல், மதிப்பெண் சுமார். சொந்தக்காரர் ஒருவரின் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ இரண்டு வருஷம். பிறகு ஓலைச்சுவடிகளை மைக்ரோஃபிலிம் எடுக்கிற ஒரு திட்டத்தில் தற்காலிக வேலை. அதைப் பார்வையிட வந்த அமெரிக்கர் ஒருவர், என் படங்களில் எழுத்து ஓரம் வரை கூர்மையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷத் திட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். வந்தேன். இரண்டு வருஷம் முடிந்தபோது என்னை அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு மேலதிகாரி மிஸஸ் லிண்ட். புத்தகங்களின் உடல்நலத்துக்குப் பொறுப்பானவர். ஒல்லி, உயரம், நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ஒரு முறை ஒரு பேராசிரியர் கையில் காபியோடு எங்கள் அறைக்குள் வந்தபோது மிஸஸ் லிண்ட் பேசிய ஒரு வாக்கியம் முடிய அரை நிமிஷம் ஆயிற்று. பேராசிரியர் அதன் பிறகு எங்கள் மாடிக்கே வரவில்லை.

அவருடைய விதிகளைச் சொல்கிறேன், ஏனென்றால் கதை அதில்தான் இருக்கிறது. பேனா கூடாது, பென்சில்தான். மோதிரம், வாட்ச் கூடாது. கையுறை கூடாது, அது சினிமாவில்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். கையிலும் முகத்திலும் க்ரீம், பவுடர், சென்ட் எதுவும் இருக்கக் கூடாது. புத்தகம் வந்ததும் ஒவ்வொரு தாளையும் பார்த்து, எங்கே கறை, எங்கே கிழிசல், எங்கே வண்ணம் உதிர்கிறது என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். படம் எடுத்து முடித்ததும் திரும்ப ஒவ்வொரு தாளாகப் பார்த்து, மாற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே மிஸஸ் லிண்ட் கையெழுத்துப் போடுவார். முதல் மூன்று வருஷம் என் படிவத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தை அவரே ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். அப்புறம் ஒரு நாள், "நீங்கள் பார்த்திருந்தால் நான் பார்த்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, பார்க்காமலே போட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இதை வசந்தாவிடம் நாலு தடவை சொன்னேன். அவள் என் மனைவி. எடிசனில் ஒரு டேகேரில் வேலை. "சம்பளம் ஏத்துனாங்களா?" என்றாள்.

வசந்தாவுக்கு என் வேலையில் ஒரே ஒரு குறைதான். அந்தப் புத்தகங்களெல்லாம் கன்றுக்குட்டித் தோலில் எழுதியவை. அதை நான் முதல் வாரமே சொல்லியிருக்கக் கூடாது. ரிட்டயர் ஆகும் வரை, வேலையிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போக வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் மிடில் ஸ்கூலில் இருந்த சமயம். ஒரு சிறிய புத்தகம் படம் எடுக்க வந்தது. இத்தாலியில் கடலோரமாக இருக்கிற வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி இடைக்காலத்தில் யாரோ ஒரு புலவர் லத்தீனில் பாடிய நீண்ட கவிதை. ஒரு பக்கம் பாட்டு, எதிர்ப்பக்கம் படம். ஒரு ஊற்றுக்கு ஒரு பாட்டு. இந்த ஊற்றில் குளித்தால் மூட்டுவலி போகும், இதில் குளித்தால் கண் தெளியும், இதில் குளித்தால் பிள்ளை பிறக்கும், இதில் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்காதே. படங்களில் ஆட்கள் இடுப்பளவு நீரில், துணியில்லாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றுகொண்டிருப்பார்கள்.

எனக்கு லத்தீன் தெரியாது. இதையெல்லாம் சொன்னது தெரேசா. அந்தக் கவிதையை ஆராய்வதற்காக மூன்று வருஷ உதவித்தொகையில் எங்கள் நூலகத்துக்கு வந்திருந்த பெண். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். மூன்றாவது வருஷம் முடிய நாலு மாதம்தான் பாக்கி, அடுத்த வேலை கிடைக்கவில்லை. மதியம் சாப்பிட, படம் எடுக்கிற அறைக்கு வெளியே இருந்த என் மேஜைக்கு வந்துவிடுவார். என் எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்குப் போகும். "எங்க ஊர்ல ஒவ்வொரு கோயில் குளத்துக்கும் இப்படி ஒரு பாட்டு இருக்கு. முழுகினா என்ன தீரும்னு கடைசியில லிஸ்ட் போட்டிருப்பாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒரு விஷயத்தை இந்த நாட்டில் ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

அதே மாதத்தில் எங்கள் கிரீன் கார்டு விவகாரம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று எழுதினால் கார்த்திக் அதை மலரில் போட மாட்டார், எல்லோருக்கும் வயிறு எரியும். ஐ.டி.காரர் என்றால் ஒரு கம்பெனி போனால் இன்னொன்று. பழைய புத்தகத்தைப் படம் எடுப்பவனுக்கு எதிர்க்கடை கிடையாது. வேலை போனால் மூன்று பேரும் சென்னைக்குப் போக வேண்டும், மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயசில்.

கிருத்திகை அன்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்குப் போனேன். நெற்றியில் மூன்று பட்டை. தினமும் இட்டுக்கொள்வேன், தினமும் எங்கள் மாடிக் கழிவறையில் முகம் கழுவி அழித்துவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குள் போவேன். பவுடர் கூடாது என்பது விதி. திருநீறு பவுடரா என்று நான் மிஸஸ் லிண்டிடம் விவாதித்ததில்லை. அன்று குழாயைத் திறக்கும்போது போன் அடித்தது. வக்கீல். குடியுரிமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது, இவர் இன்னும் உங்களிடம்தான் இந்த வேலை செய்கிறார் என்று மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், கெடு ஒரு மாதம் என்றார். நான் குழாயை மூடிவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டே பேசினேன். பேசி முடித்ததும் கையை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். முகம் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அன்று பதினான்காம் தாள். சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம், அப்புறம் விளக்கைத் தாளோடு தாளாகத் தாழ்த்தி வைத்து, மேடு பள்ளம் தெரிகிற மாதிரி இன்னொரு படம். தாழ்ந்த வெளிச்சத்தில் முதல் முறை எடுத்தபோது தாளின் மூலை கொஞ்சம் எழும்பிவிட்டது. அதைத் தள்ளுபடி ஃபோல்டரில் போட்டேன். மாதக் கடைசியில் அந்த ஃபோல்டரை மொத்தமாக அழிப்பது வழக்கம். பிறகு தாளைச் சரியாகப் படியவைத்து, பூதக்கண்ணாடியை வைத்து நன்றாகக் குனிந்து பார்த்தேன். அப்போது என் மூளை முழுக்க வக்கீல்தான். யோசனை வந்தால் புறங்கையால் நெற்றியைத் தேய்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. தேய்த்திருப்பேன். இரண்டாவது படம் நன்றாக வந்தது. புத்தகம் முடிந்த அன்று, மாற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஸஸ் லிண்ட் பார்க்காமல் போட்டார்.

பத்து நாள் கழித்து தெரேசா என் மேஜைக்கு ஓடி வந்தார். மடிக்கணினியில் பதினான்காம் தாளைப் பெரிதாக்கிக் காட்டினார். குளிக்கிறவர்களின் தோள் மேலும், தாள் தைத்திருக்கிற மடிப்பிலும் வெள்ளைத் துகள்கள். ஐம்பது அறுபது இருக்கும், தாழ்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மட்டுமே தெரிகிற அளவு பொடி.

"இந்தப் பாட்டில் என்ன சொல்கிறது தெரியுமா? இந்த ஊற்றில் குளித்து எழுந்தால் உடம்பில் வெள்ளையாகப் படியும், அதைத் துடைக்காதே, அதுதான் மருந்து என்கிறது" என்றார். படத்தை இன்னும் பெரிதாக்கினார். "இதே தாளில் அந்த வெள்ளை இருக்கிறது. யாரோ ஒரு நோயாளி இந்தப் புத்தகத்தை ஊற்றுக்கே கொண்டுபோயிருக்கிறார். ஈரக் கையோடு புரட்டியிருக்கிறார்."

அதுவரை எல்லோரும் சொல்லிவந்தது, இந்த மாதிரிப் புத்தகங்கள் பணக்காரர் வீட்டு அலமாரி அழகுக்கு என்று. தெரேசா சொல்வது உண்மையானால் அது பெரிய கண்டுபிடிப்பு. நானும் சந்தோஷப்பட்டேன். சத்தியமாக அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தத் துகளைத் தொடாமலே பரிசோதிக்கிற கருவி எங்கள் கட்டடத்திலேயே இருந்தது. முடிவு வந்தது. கால்சியம், கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் சிலிக்கா. வெந்நீர் ஊற்றுப் படிவாக இருக்க வாய்ப்புண்டு என்று எழுதியிருந்தார்கள். தெரேசா என்னைக் கட்டிப்பிடித்தார். அடுத்த வியாழக்கிழமை நூலகத்தில் அவருடைய பேச்சு ஏற்பாடாயிற்று. ஒஹாயோவில் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் அதைக் கேட்க வருவதாக இருந்தது. அவர்களிடம் ஒரு வேலை காலியாக இருந்தது.

தெரேசா பேச்சில் காட்டுவதற்காக அந்தத் தாளின் படங்கள் எல்லாவற்றையும் கேட்டார். எடுத்துக் கொடுக்கப் போனபோது தள்ளுபடி ஃபோல்டரில் இருந்த முதல் படமும் கண்ணில் பட்டது. திறந்தேன். மூலை எழும்பியிருந்தது, மற்றபடி தெளிவு. அதே தோள்கள், அதே மடிப்பு. ஒரு துகள் கூட இல்லை. இரண்டு படங்களுக்கும் இடையில் பதினோரு நிமிஷம் என்று கணினி காட்டியது. அந்தப் பதினோரு நிமிஷத்தில் அந்த அறையில் நோயாளி யாரும் வந்து குளிக்கவில்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. அன்று முகம் கழுவியிருந்தேன். இருந்தாலும் விரலைப் பார்த்தேன்.

எடிசனில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் நான் வாங்குகிற திருநீற்றுப் பாக்கெட்டில், சுத்தமான பசுஞ்சாணத்தில் தயாரித்தது என்று போட்டிருக்கும். சாணச் சாம்பல் என்றால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இருந்தாக வேண்டும், அவ்வளவு வேதியியல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சோதனையில் இரண்டும் இல்லை. நான் இத்தனை வருஷமாக நெற்றியில் இட்டுக்கொண்டது சுண்ணாம்புக் கல் என்று ஆயிற்று. அந்த நேரத்தில் அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை காலை மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் பின் சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். வசந்தா முழுசாகக் கேட்டாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அந்த லெட்டர் சைன் ஆயிடுச்சா?"

"இல்ல. ஹெச்.ஆர்.லேர்ந்து வரணும். அடுத்த வெள்ளிக்கிழமைன்னாங்க."

"சைன் பண்ணப் போறது யாரு?"

"மிஸஸ் லிண்ட்."

"அப்ப வெள்ளிக்கிழமை ஆகட்டும். அப்புறம் போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல வேணாம்னு சொல்லல."

"வியாழக்கிழமை அந்தப் பொண்ணு பேசுது வசந்தா. வேலை குடுக்கறவங்க வராங்க."

"அந்தப் பொண்ணு இந்த ஊர்க்காரி. வேலை போனா அவ அம்மா வீட்டுக்குப் போவா. நமக்கு வேலை போனா எங்க போறது? பதினாலு வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு மடிப்பாக்கத்துல போய் அட்மிஷனுக்கு அலையறீங்களா?"

"வாட்ஸ் கோயிங் ஆன்?" என்றாள் மகள், காதிலிருந்து ஒன்றை மட்டும் கழற்றிக்கொண்டு.

"ஒண்ணுமில்லடி. அப்பாவோட ஆபீஸ்ல ஒரு புக்ல தூசி."

"ஸோ வைப் இட்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

துடைக்க முடியாது. அந்த இடத்தில் வண்ணம் உதிரும் நிலையில் இருக்கிறது என்று படிவத்தில் நானே எழுதியிருந்தேன்.

வசந்தா மேல் பழி போட மாட்டேன். அவள் சொன்னதை நான் ஏற்கனவே முடிவு செய்துவிட்டுத்தான் அவளிடம் கேட்டேன். இன்னொருவர் வாயால் கேட்டால் கொஞ்சம் நியாயமாக இருக்கும் என்று ஆசை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மிஸஸ் லிண்டின் அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். தெரேசா சாப்பிட வந்தபோது எலுமிச்சை சாதத்தை முழுசாகவே கொடுத்துவிட்டேன். பசியில்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

வியாழக்கிழமை பேச்சு நடந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தெரேசா நீலச் சட்டை போட்டு, தலையை அழகாகச் சீவியிருந்தார். நன்றாகப் பேசினார். அந்தப் பெயர் தெரியாத நோயாளியைப் பற்றிச் சொன்னார். வலிக்கிற உடம்போடு, ஈரக் கையோடு, தனக்கு எந்தப் பாட்டு என்று தேடித் தேடித் தாளைப் புரட்டுகிறவர். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்த ஆள் மேல் இரக்கம் வந்தது. திரையில் என் திருநீறு ஆளுயரத்துக்குத் தெரிந்தது. ஒஹாயோக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மிஸஸ் லிண்ட் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, என்னிடம் கொடுத்து, "நல்லது நடக்கட்டும்" என்றார். பேனாவால் போட்டார். அவர் பேனா பிடித்து நான் பார்த்தது அன்றுதான். மதியமே வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். திருநீறு என்றால் என்ன என்று சொன்னேன், வக்கீல் போன் செய்ததைச் சொன்னேன், பையிலிருந்த பாக்கெட்டையும் எடுத்து வைத்தேன். அவர் படங்களை வெகுநேரம் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து சேத அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து, பென்சிலோடு என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே எழுதுங்கள்" என்றார், மிக மெதுவாக.

எந்தத் தாள்: பதினான்கு. சேதத்தின் வகை: வெள்ளைத் துகள். காரணம் என்ற இடத்தில், படம் எடுத்தவரின் நெற்றி என்று எழுதினேன். அடுத்த கட்டம், சேதத்தை முதலில் கண்டறிந்த தேதி. அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. இன்றைய தேதியைப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு இடம் கொடுக்கிற மாதிரி. நான் உண்மையான தேதியைப் போட்டேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வாங்கிப் படித்தார். தேதியில் அவர் கண் நின்றது. இழுப்பறையைத் திறந்து, வெள்ளிக்கிழமைக் கடிதத்தின் நகலை எடுத்து, அதிலிருந்த தேதியையும் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்தார்.

"கடிதத்தில் நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்கள் என்று இருக்கிறது. இந்த வேலையைத்தான் செய்கிறீர்கள் என்று இருக்கிறது. இரண்டும் உண்மை. அதை நான் திருப்பி வாங்கப் போவதில்லை" என்றார்.

நன்றி சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அந்தத் துகளை அவர் எடுக்கவிடவில்லை. எடுக்கப் போனால் வண்ணமும் சேர்ந்து வரும், வண்ணம் போவதை விடத் துகள் இருப்பதே மேல் என்று முடிவு செய்தார். இன்றும் அந்தத் தாளில் அது இருக்கிறது. படம் எடுக்கும்போது விழுந்த நவீனத் துகள் என்று நூலகப் பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது, அதோடு சரி. ஏழு மாதம் கழித்து கிரீன் கார்டு வந்தது. வசந்தா கேசரி செய்தாள். மிஸஸ் லிண்ட் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எனக்கு மேலதிகாரியாக இருந்தார். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் என் படிவம் ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு, புத்தகத்தை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை தானே பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். முந்நூறு தாள் புத்தகமானாலும் சரி. நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். அந்த ஒன்பது வருஷமும் எனக்கு அது வலித்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

அன்று அந்த அறையிலிருந்து கிளம்பும்போது, "தெரேசாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் போங்கள்" என்றார்.

போனேன். மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை. என்னைப் பார்த்ததும் சிரித்து, நாற்காலியிலிருந்த புத்தகங்களை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தார். ஒஹாயோவிலிருந்து நல்ல விதமாகக் கடிதம் வந்திருக்கிறது என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே படங்களைக் காட்டினேன். காலையில் நெற்றிப் பட்டையோடு நான் படியேறுவதை எத்தனையோ முறை பார்த்தவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் படம், இரண்டாவது படம், என் நெற்றி என்று மூன்றையும் வரிசையாகப் பார்த்தார். அன்றும் நான் அழித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கணினியைத் திறந்து, ஒஹாயோவுக்கு ஒரு மெயில் எழுத ஆரம்பித்தார், என் கண் முன்னாலேயே. நாலு வரி. அனுப்பிவிட்டார். அந்த வேலை பிறகு வேறு ஒருவருக்குப் போயிற்று. காரணம் இந்தத் துகளா, வேறு ஏதாவதா என்று அவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"கடிதம் எப்போது கையெழுத்தாயிற்று?" என்றார். என் கிரீன் கார்டு கதை அவருக்குத் தெரியும். எத்தனையோ மதியம் சொல்லியிருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை."

தலையை ஆட்டினார். புரிகிறது என்கிற மாதிரிதான் ஆட்டினார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் இன்னொன்று கேட்டார்.

"வியாழக்கிழமை நீங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள், இல்லையா?"

"ஆமாம்."

"நான் பேசி முடித்ததும் கை தட்டினீர்களா?"

"தட்டினேன்" என்றேன்.